கயிற்றின் கடைசி இடம்

இலங்கையின் கிழக்குக் கரையில் உள்ள அறுகம்பேயில் அலைச்சறுக்கு கற்றுத் தருகிறவர்கள் எனக்கு ஒரு பட்டியல் அனுப்பியிருந்தார்கள். நிற்காமல் இருநூறு மீட்டர் நீந்த வேண்டும். இருபது தண்டால் எடுக்க வேண்டும். குப்புறப் படுத்த நிலையிலிருந்து ஒரே தாவலில் எழுந்து நிற்க வேண்டும். எனக்கு வயது ஐம்பத்து மூன்று. கோயம்புத்தூரிலும் துபாயிலுமாகப் பம்புசெட் வரைபடம் போட்டே தேய்ந்த உடம்பு. குப்புறப் படுத்தால் எழுந்திருப்பதே பெரும்பாடு, இதில் தாவல் வேறு.

ஏற்பாடு என் மகள் யாழினியுடையது. மெல்பர்னில் இருக்கிறாள். அவள் அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அதற்குப் பிறகு நாங்கள் போனில் பேசியதெல்லாம் மாத்திரை போட்டீர்களா, வீட்டைப் பூட்டினீர்களா என்ற அளவில்தான். திடீரென்று ஒருநாள், "ஒரு வாரம் கடல்லயே இருப்போம்ப்பா. ஆனா உடம்பைத் தேத்திக்கிட்டு வாங்க" என்றாள். மாட்டேன் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

துபாயில் ஒன்பது வருடம் என்னோடு ஒரே அறையில் குறட்டை விட்ட நிஸ்தார், கல்முனையை ஒட்டிய சாய்ந்தமருதில் இருக்கிறான். இப்போது டைல்ஸ் கடை வைத்திருக்கிறான். "பதினாறு நாளைக்கு முந்தியே வந்து எங்கட ஊட்ல நில்லுங்க, அண்ணே. உங்கள ஆளாக்கி அனுப்புறன்" என்றான். அப்படித்தான் நான் கல்முனைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

முதல் நாள் உடம்பைத் தேற்றுவதற்குப் பதில் சாப்பிட்டேன். நிஸ்தாரின் மனைவி ஜெஸீமா இடியப்பமும் சொதியும் வைத்தார். பிறகு பிட்டு, பாரை மீன் குழம்பு, அதன் மேல் எருமைத் தயிர். போதும் என்று கையை மறித்தால், மறித்த கைக்குப் பக்கத்தில் இடம் பார்த்து வைத்தார். எங்கள் கொங்கு நாட்டு உபசாரத்தைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையாகப் பேசுவது உண்டு. இனிமேல் அடக்கி வாசிப்பதாக இருக்கிறேன்.

இரண்டாம் நாள் ஜிம். சுவர் முழுக்கக் கண்ணாடி. அத்தனை கண்ணாடியிலும் நான். இருபது வயதுப் பையன்கள் தூக்கிப் போட்ட கம்பியை நகர்த்தக்கூட முடியவில்லை. ஒருவன் மரியாதையாக வந்து, "அங்கிள், மெதுவா. ஒண்டும் அவசரமில்ல" என்றான். அந்த மரியாதைதான் வலித்தது.

மூன்றாம் நாள் நிஸ்தாரின் சைக்கிளை எடுத்துக்கொண்டு வயல்பக்கம் போனேன். கிட்டங்கி தாண்டி சவளக்கடைக்குப் போகிற வழியில் எதிரே நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் வந்தது. பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் இல்லை. வாய்க்காலுக்குள் போய் விழுந்தேன். டிராக்டர்க்காரர் இறங்கி வந்து என்னையும் சைக்கிளையும் தூக்கிவிட்டு, "ரோட்டு இஞ்சால கிடக்கு, ஐயா" என்று கைகாட்டினார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அன்று மாலை என் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே நிஸ்தார் யோசனை சொன்னான். "ஜிம்மும் வேணா, சைக்கிளும் வேணா. கரைவலை இழுங்க. பத்து நாளையில தோள் வந்திரும்."

கரைவலை என்பது தோணியில் போய்க் கடலில் வளைத்துப் போட்ட வலையைக் கரையில் நின்று இழுப்பது. இரண்டு பக்கமும் இரண்டு நீளக் கயிறு, ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு பேர். மீன் சேர்கிற பைக்கு மடி என்று பெயர். அந்த மடி கரைக்கு வரும்வரை இரண்டு மணி நேரம் இழுக்க வேண்டும். கூட்டத்துக்குத் தலைவரைத் தண்டயல் என்கிறார்கள். நான் போன கூட்டத்தின் தண்டயல் கறுத்து ஒடிசலான மனிதர். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு விதியைச் சொன்னார்.

"மடி மண்ணில வந்து இரிக்கிற நேரம் ஆர்ர கை கயித்தில கிடக்கோ, அவருக்குப் பங்கு. இடையில விட்டா இல்ல. ஆராவது மாறிப் புடிச்சா, மாறிப் புடிச்சவருக்குத்தான். வெளங்கிச்சா?"

விளங்கியது என்றேன். நியாயமான விதி என்றுகூட நினைத்தேன். எனக்கு மீனா முக்கியம்? தோள்தான் முக்கியம்.

கயிற்றின் கடைசிக்கு முந்திய இடத்தில் என்னை நிறுத்தினார்கள். எனக்குப் பின்னால், கயிற்றின் கடைசியில், ஆதம்பாவா காக்கா நின்றார். இங்கே காக்கா என்றால் அண்ணன்; செல்லுங்க என்றால் சொல்லுங்க. அறுபத்தைந்து வயது இருக்கும். சம்மாந்துறையில் அரிசி மில்லில் இருபது வருடம் வேலை செய்தவராம். உமித்தூசி நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. இழுத்து வந்த கயிற்றை வட்டமாகச் சுருட்டி வைப்பதும், சுருட்டாத நேரம் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதும் அவர் வேலை. முதல் நாள் என் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, தான் கட்டியிருந்த சாரத்தின் ஓரத்தைக் கிழித்து, "இதச் சுத்துங்க தம்பி, இல்லாட்டி கை வெந்து போயிரும்" என்று தந்தார்.

நான்கு நாளில் கை வெந்தது, தோல் உரிந்தது, பிறகு தடித்தது. முதுகு வலி நின்றது. காலையில் வலை, மாலையில் கடலில் நீச்சல். கிணற்றில் கற்ற நீச்சலைக் கடல் முதலில் மதிக்கவில்லை. ஆறாம் நாள் நூறு மீட்டர், எட்டாம் நாள் நூற்றைம்பது. ஜெஸீமாவின் சாப்பாடு முழுக்கக் கரைந்துகொண்டிருந்தது. யாழினிக்குத் தோளைப் படம் எடுத்து அனுப்பினேன். "அப்பா!!!" என்று மட்டும் பதில் வந்தது. அதை மூன்று தடவை திறந்து பார்த்தேன்.

பங்கு வைக்கும்போது தண்டயல் மீனை மணலில் சின்னச் சின்னக் குவியலாகப் போடுவார். கீரி, சூடை, அதிர்ஷ்டம் இருந்தால் ஒரு பாரை. ஆதம்பாவா காக்கா சட்டைப் பையிலிருந்து ஒரு நீலப் பிளாஸ்டிக் பையை எடுத்து, தன் குவியலை அள்ளிக்கொண்டு, "வாறன்" என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். வீட்டில் அவர் மனைவி நான்கு வருடமாகப் படுத்த படுக்கை. அந்த மீன்தான் இரண்டு பேருக்கும் கறி.

ஒன்பதாம் நாள் கச்சான் என்கிற மேல்காற்று ஓங்கி அடித்தது. வலை பாரமாக வந்தது. எனக்குப் பின்னால் இருமல் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். ஆதம்பாவா காக்காவின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசில் மாதிரி போய் வந்தது. கை மட்டும் கயிற்றை விடவில்லை. முன்னால் நின்ற பத்துப் பேரும் கடலையே பார்த்துக்கொண்டு இழுத்தார்கள். ஒருவர்கூடத் திரும்பவில்லை. என்ன கல்நெஞ்சுக்காரர்கள் என்று எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் ஊர்ப் பட்டறையில் ஒரு பெரியவர் பாரம் தூக்கித் திணறினால், நகருங்கய்யா என்று வாங்கிக்கொள்வதுதான் மரியாதை. நான் அதைத்தான் செய்தேன். பெரிய குரலில் செய்தேன்.

"ஐயா, நீங்க போய் உக்காருங்க! இந்த மூச்சை வெச்சுக்கிட்டு எதுக்கு இழுக்கறீங்க? உங்களுதையும் சேத்து நானே இழுக்கறேன்!"

சொல்லிக்கொண்டே கயிற்றின் கடைசியை அவர் கையிலிருந்து வாங்கினேன். அவர் தடுக்கவில்லை. தன் கையை ஒருமுறை பார்த்தார். முன்னால் இழுப்புக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். இப்போது எல்லாரும் திரும்பினார்கள். என்னைப் பாராட்டத்தான் திரும்புகிறார்கள் என்று நினைத்தேன்.

மடி வந்தது. தண்டயல் குவியல் போட்டார். என் முன்னால் இரண்டு குவியல். ஆதம்பாவா காக்காவின் முன்னால் ஒன்றும் இல்லை. ஒரு குவியலை அவர் பக்கம் தள்ளி, "இது உங்களுதுங்க" என்றேன்.

"இல்ல தம்பி. அது உங்கட ஹக்கு" என்றார். ஹக்கு என்றால் ஒருவருக்கு உரிமையாக வந்து சேர வேண்டியது. "நான் கைய விட்டுட்டனே."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நீலப் பையை உதறி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு நடந்தார். அன்று "வாறன்" என்று சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டில் நடந்ததை நிஸ்தாரிடம் சொன்னேன். பெருமையாகத் தொடங்கினேன். அவன் கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டான்.

"அண்ணே, அவருக்கு ஏலாது எண்டு கரையில படுத்திரிக்கிற நாய்க்கும் தெரியும். அஞ்சு வரிசமா நாங்க ஒருத்தரும் காணாத மாதிரித்தான் இரிந்தம். ஏழைகளுக்குக் குடுக்கிற ஸக்காத் லிஸ்டில ஆரோ பேரப் போட்டுட்டாங்க எண்டு பள்ளிவாசலுக்குப் போய் அத வெட்டிட்டு வந்த மனிசன் அவர். கயித்தில கை இரிந்தா அது உழைப்பு. நீங்க அந்தக் கையக் கழட்டி எடுத்துட்டீங்க. அதுவும் எல்லாருக்கும் கேக்கச் செல்லி."

ஜெஸீமா அன்று மறுசோறு வைக்க வரவில்லை.

பத்தாம் நாள் அவர் வரவில்லை. பதினோராம் நாளும் வரவில்லை. அன்று மாலை நிஸ்தாரைக் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். எங்களை உட்காரவைத்து, அவரே பிளேன்டீ போட்டு வந்தார். இந்தியாவில் நெல் என்ன விலை, கோயம்புத்தூரில் மழை எப்படி என்று கேட்டார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"என்னத்துக்குத் தம்பி? நீங்க நல்லத்துக்குத்தானே செஞ்சீங்க. எனக்கும் கொஞ்சம் ஓய்வு வேணும்."

உள்ளறையிலிருந்து மெலிந்த பெண்குரல் கேட்டது. "இண்டைக்கும் மீன் இல்லையா?"

"கச்சான் அடிக்கிதுகா. வலை போடல்ல" என்றார் அவர். அன்று காலை நாங்கள் இழுத்த வலை நிறைய மீன். நிஸ்தார் தன் பிளேன்டீயைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தரையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்த வீட்டில் நான் ஐந்து நிமிடம்கூட உட்காரவில்லை.

மறுநாள் தண்டயலிடம் கெஞ்சினேன். நீங்களே போய்க் கூப்பிடுங்கள், உங்கள் சொல்லைக் கேட்பார் என்றேன்.

"நாங்க கூப்பிட்டா அது ஸதகா" என்றார். தர்மம். "அவரே வந்து புடிச்சாத்தான் ஹக்கு. வருவார். வாற மட்டும் அந்த இடத்த ஆருக்கும் குடுக்க மாட்டன்."

சொன்னபடியே செய்தார். அந்தக் கூட்டத்தில் கயிற்றில் இடம் கேட்டு வேறொருவர் தினமும் வந்து நின்றார். அவர் வீட்டிலும் பட்டினிதான். தண்டயல் கைவிரித்து அனுப்பினார். எனக்குப் பின்னால் கயிற்றின் கடைசி வெறுமனே மணலில் இழுபட்டது. நடுவில் நிற்பவர்கள் முறைவைத்து ஓடிவந்து கயிறு சுருட்டினார்கள். நான் தோளைப் பற்றி நினைப்பதை விட்டுவிட்டேன். அது பாட்டுக்கு வளர்ந்தது.

பதினைந்தாம் நாள் நிஸ்தார் செய்தி கொண்டுவந்தான். ஆதம்பாவா காக்கா தினமும் விடியற்காலை சுபஹு தொழுத கையோடு முதல் பஸ்ஸில் திருக்கோவில் என்ற ஊருக்குப் போகிறாராம். அங்கே ஒரு கரைவலையில் நிற்கிறாராம். அது ஒரு மணி நேரத்துக்கு மேலான வழி. அந்த ஊரில் அவர் நெஞ்சைப் பற்றி யாருக்கும் தெரியாது.

"நீங்க அறுகம்பேக்குப் போற வழிதானே, அண்ணே. இறங்கி ஒருக்காப் பாத்துட்டுச் செல்லுங்க. நல்லா இரிந்தா சந்தோசம். அங்கயும் ஏலாம நிக்கிறார் எண்டா, இனி ரோசத்தப் பாக்க ஏலா, நானே போய்க் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வாறன் எண்டு தண்டயல் செல்றார்."

செய்த பிழையைத் திருத்த ஒரு வழி கிடைத்ததே என்று எனக்கு உயிர் வந்தது.

கடைசி நாள் ஜெஸீமா வட்டிலப்பம் என்ற இனிப்பைக் கட்டிக் கொடுத்தார். பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் அக்கரைப்பற்று வரை என் தோளில் தூங்கினார். திருக்கோவிலில் இறங்கி, முருகன் கோயிலைத் தாண்டிக் கடற்கரைக்கு நடந்தேன். கரைவலை பாதி தூரம் வந்திருந்தது. கரையில் கவிழ்த்திருந்த ஒரு தோணியின் மறைவில் நின்றேன்.

ஆதம்பாவா காக்கா கடைசியில் இல்லை. நடுக்கயிற்றில், இரண்டு வாலிபர்களுக்கு இடையில் நின்றார். அங்கே அவர் வெறும் ஆள், ஆளென்றால் இழுக்க வேண்டும். இழுத்தார். ஒவ்வொரு இழுப்புக்கும் தலை முன்னால் விழுந்து எழுந்தது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் நிற்க என் கை துடித்தது. இந்தக் கைதானே முதலில் போனது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

மடி கண்ணுக்குத் தெரிகிற நேரம் அவர் முழங்காலில் விழுந்தார். கயிறு அவர் கையை உருவிக்கொண்டு போனது. பின்னால் நின்ற வாலிபன் ஒரு எட்டு முன்னால் வைத்து அந்த இடத்தைப் பிடித்தான். அவன் மேல் குற்றமில்லை. விட்டால் வலை போய்விடும். ஆதம்பாவா காக்கா ஓரமாக ஊர்ந்துபோய் மணலில் உட்கார்ந்து வெகுநேரம் இருமினார். மடி கரைக்கு வந்தது. பங்கு வைத்தார்கள். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. எழுந்து, சாரத்தைத் தட்டிக்கொண்டு, நேரே நான் நின்ற தோணிப்பக்கமாகவே வந்தார். ஒளிய எனக்கு நேரம் இல்லை.

"தம்பி" என்றார். ஆச்சரியப்படவில்லை. "கடல் விளையாட்டுக்குப் போறீங்களா?"

"ஆமாங்க."

மூச்சு அடங்கும்வரை தோணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நிஸ்தார் பாத்துட்டு வரச் சென்னானா?"

பொய் சொல்ல வரவில்லை. தலையாட்டினேன்.

"இஞ்ச கண்டத அங்க செல்லாதீங்க. ஆதம்பாவா நல்லா இழுக்கிறார், நடுக்கயித்தில நிக்கிறார் எண்டு செல்லுங்க. எனக்கு இந்த ஒரு உதவியச் செய்ங்க, தம்பி. அல்லாவுக்காக."

அன்று உரக்கக் கத்தி நான் செய்த உதவி ஒன்று. அவர் வாய்திறந்து கேட்ட உதவி இது ஒன்றுதான். "சரிங்க" என்றேன். என் கையைப் பிடித்து ஒருமுறை அழுத்திவிட்டு பஸ் நிற்கிற பக்கம் நடந்தார். வட்டிலப்பம் என் பையில்தான் இருந்தது. அதைக் கொடுக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அறுகம்பேயில் யாழினி எனக்கு முன்பே வந்திருந்தாள். என் தோளை அமுக்கிப் பார்த்து, "யாருப்பா நீங்க?" என்றாள். இருநூறு மீட்டர் நீந்தினேன். பயிற்சி தருகிற பையன், இந்த வயதில் இப்படி ஒரு கையை நான் பார்த்ததில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னான். மூன்றாம் நாள் காலை, பலகையில் குப்புறப் படுத்திருந்தவன் ஒரே தாவலில் எழுந்து நின்றேன். நான்கு நொடி இருக்கும். யாழினி தண்ணீரில் நின்று கத்திச் சிரித்தாள். அவள் அம்மா போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

கரையேறித் துண்டை எடுக்கும்போது போன் அடித்தது. நிஸ்தார்.

"அண்ணே, காக்காவக் கண்டீங்களா? மூணு நாளாப் போன் கோல் ஒண்டையும் காணல்ல. தண்டயலும் பக்கத்திலதான் நிக்கிறார்."

மூன்று நாளாக அந்தப் போனுக்குத்தான் பயந்துகொண்டிருந்தேன். "பாத்தேன்" என்றேன். "நல்லா இழுக்கறார். நடுக்கயித்துல நிக்கிறார்."

நிஸ்தார் அதை அப்படியே திருப்பிச் சொல்வது கேட்டது. அந்தப் பக்கம் கரையில் யாரோ இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் ஏதோ சொன்னார்கள். சந்தோஷக் குரல்கள்.

"அல்ஹம்துலில்லாஹ்! தண்டயல்ட முகத்த நீங்க பாக்கணும், அண்ணே. அப்ப காக்கா அங்கயே நிக்கட்டும், இனி நாம காத்துட்டு இரிக்கத் தேவையில்ல எண்டு செல்றார். கடைசி இடத்த மற்றவருக்குக் குடுக்கப் போறாராம். அவரும் பாவம்தானே, எத்தின நாளா வந்து வந்து போறார்."

உண்மையைச் சொன்னால் அவரிடம் மிஞ்சியிருக்கிற மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் திரும்பி வந்து நிற்க மண்ணில் இடம் இல்லை. தண்ணீரிலிருந்து யாழினி இன்னொரு அலையைக் காட்டி, வாங்கப்பா என்று கையசைத்தாள்.

"அண்ணே, லைன்ல இரிக்கீங்களா?"

"இருக்கேன்" என்றேன். "குடுக்கச் சொல்லு."